டிஎல்எஸ் மேல் போட்ட பழி: சாக்கெட் ஆப்ஷன்களைச் சோதித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இரவில் ஓடும் வேலை ஒன்று. வெளியே உள்ள ஒரு சேவைக்கு எச்டிடிபிஎஸ் (டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கத்தைப் போர்த்திய எச்டிடிபி) வழியாக ஒரே ஒரு கோரிக்கை அனுப்பும், "நேற்றைய கணக்குக்கு அறிக்கை தயார் செய்து கொடு" என்று. பதில் வந்ததும் கோப்பில் எழுதி வைத்துவிட்டு முடிந்துபோகும். அறிக்கை தயாராக சில நாள் 3 நிமிடம், சில நாள் 40 நிமிடம். ஒருநாள் காலையில் பார்த்தால் வேலை முடிந்திருக்கவில்லை, செத்தும் போயிருக்கவில்லை. பிராசஸ் உயிரோடு இருக்கிறது, சிபியு பூஜ்யத்தில் நிற்கிறது, லாகில் கடைசி வரி "கோரிக்கை அனுப்பப்பட்டது". பிழை எதுவும் பதிவாகவில்லை. பிழை வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிராசஸ் கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையத்திடம், வைக்கும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸை அதோடு ஒட்டிப் பார்த்தோம். ஒரே ஒரு வரி வந்தது: 5-ஆம் எண் டிஸ்கிரிப்டரில் (திறந்திருக்கும் இணைப்புக்குக் கெர்னல் தரும் எண்) ஒரு ரீட் அழைப்பு, அடைப்புக்குறி மூடாமல் தொங்குகிறது. இங்கே ஒரு சின்ன அடையாளம் உண்டு. பைத்தானில் சாதா எச்டிடிபி என்றால் அந்த இடத்தில் ரெக்வ்ஃப்ரம் என்று இருக்கும். டிஎல்எஸ் என்றால், மறைகுறியாக்கத்தைச் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரி தானே ரீட் அழைப்பதால் ரீட் என்று இருக்கும். எந்த வகை இணைப்பில் மாட்டியிருக்கிறோம் என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடும். இயந்திரத்தின் இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையில் பார்த்தால் இணைப்பு "எஸ்டாப்" (நிலைபெற்றது) நிலையில், எந்தக் குறையும் இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தது. சேவைக்காரர்களிடம் கேட்டோம். அறிக்கை 11 நிமிடத்தில் தயாராகிவிட்டது, அனுப்பினோம், போய்ச் சேரவில்லை என்றார்கள்.

இரு முனையும் பிழையில்லை, நடுவில் ஏதோ விழுங்குகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபயர்வாலை. எங்கள் இணைப்புகள் கடந்துபோகும் ஃபயர்வால் ஒவ்வொரு இணைப்பையும் ஓர் அட்டவணையில் குறித்து வைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் எந்த பாக்கெட்டும் போகவில்லை என்றால் அந்த வரியை அழித்துவிடும். அதற்கப்புறம் வரும் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும், "இந்த இணைப்பு முடிந்துவிட்டது" என்று இரு முனைக்கும் ஒரு ஆர்எஸ்டி (இணைப்பை முறிக்கும் பாக்கெட்) கூட அனுப்பாது. அளந்து பார்த்தோம். இணைப்பைத் திறந்து 2, 4, 6, 8 நிமிடம் சும்மா வைத்திருந்து, பிறகு ஒரு பைட் அனுப்பினோம். 4 வரை போனது, 6-இல் போகவில்லை. 5 நிமிட வரம்பு என்று எடுத்துக்கொண்டோம்.

இந்த இடத்தில் ஒரு பழைய ஒப்பந்தத்தைச் சொல்ல வேண்டும். 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1122 என்ற இணையத் தர ஆவணம், டிசிபி கீப்அலைவ் (சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) என்ற வசதி இயல்பாக அணைந்தே இருக்க வேண்டும் என்கிறது. போட்டாலும் முதல் சோதனைப் பாக்கெட் போவதற்கு முன் இயல்பாக 2 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5382 அதை மனதில் வைத்தே, நிலைபெற்ற இணைப்பை நேட் (முகவரி மாற்றும்) கருவிகள் 2 மணி 4 நிமிடத்துக்கு முன் மறக்கக் கூடாது என்று எழுதியது. தாளில் இரண்டும் அழகாகப் பொருந்துகின்றன. நடைமுறையில் நடுவில் இருக்கும் பெட்டிகள் இந்த எண்ணை மதிப்பதில்லை. 5 நிமிடத்தில் மறக்கும் ஃபயர்வாலுக்கு முன்னால் 7200 நொடி காத்திருக்கும் லினக்ஸ் இயல்பமைப்பு எதற்கும் உதவாது.

ஏன் டைம்அவுட் போதாது

"ரீட் டைம்அவுட் வைத்துவிட்டால் முடிந்ததே" என்று உடனே ஒரு யோசனை வந்தது. நாங்கள் பயன்படுத்தும் பைத்தான் எச்டிடிபி லைப்ரரியான ரிக்வெஸ்ட்ஸில் நாமாகச் சொல்லாவிட்டால் டைம்அவுட் கிடையாது, ஆகவே வைத்திருக்கத்தான் வேண்டும். அது எங்கள் கவனக்குறைவு. ஆனால் அதனால் இந்தச் சிக்கல் தீராது. நியாயமான பதிலே 40 நிமிடம் எடுக்கலாம் என்றால் டைம்அவுட்டை ஒரு மணி நேரத்துக்காவது வைக்க வேண்டும். செத்த இணைப்பை ஒரு மணி நேரம் கழித்துத் தெரிந்துகொள்வதில் பெரிய லாபமில்லை. அதைவிட முக்கியம், டைம்அவுட் நம் பக்கம் ஓடும் கடிகாரம் மட்டுமே. ஃபயர்வாலின் நினைவை அது புதுப்பிக்காது. கீப்அலைவ் பாக்கெட் கம்பியில் நிஜமாகவே போகிறது. அதைப் பார்த்ததும் ஃபயர்வால் தன் அட்டவணையில் அந்த வரியைப் புதுப்பித்துக்கொள்கிறது. எதிர்முனை செத்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். சாக்கெட்டில் (இணைப்பின் நம் பக்க முனை) போடும் ஒரே ஆப்ஷன், இரண்டு வேலை.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எச்டிடிபி கீப்-அலைவ் வேறு, டிசிபி கீப்அலைவ் வேறு. முன்னது ஒரே இணைப்பில் அடுத்தடுத்த கோரிக்கைகளை அனுப்புவது. பின்னது சும்மா கிடக்கும் இணைப்பில் கெர்னல் அவ்வப்போது தட்டிப் பார்ப்பது. எங்கள் ஆலோசனைக் கூட்டத்தில் இரண்டு பேர் அரை மணி நேரம் இரண்டு வெவ்வேறு விஷயங்களைப் பற்றி ஒரே பெயரில் வாதாடினார்கள். அதில் ஒருவன் நான்.

கீப்-ஐடில் 60 நொடி, கீப்-இன்டர்வல் 15 நொடி, கீப்-கவுண்ட் 4 என்று வைத்தோம். 60 நொடி சத்தமில்லை என்றால் முதல் தட்டு. பதில் வராவிட்டால் 15 நொடிக்கு ஒரு தட்டு வீதம் மொத்தம் நான்கு. கடைசித் தட்டுக்கும் பதில் இல்லையென்றால் 120-ஆவது நொடியில் இணைப்பு செத்ததாகக் கெர்னல் அறிவிக்கும். லினக்ஸின் இயல்பெண்கள் 7200, 75, 9. கூட்டினால் 2 மணி 11 நிமிடம் 15 நொடி.

பச்சை விளக்கு எரிந்த முதல் டெஸ்ட்

ரிக்வெஸ்ட்ஸில் சாக்கெட் ஆப்ஷன் கொடுக்க நேரடி வழி கிடையாது. எச்டிடிபி அடாப்டரிலிருந்து ஒரு வகுப்பைப் பிரித்து, அதன் இனிட்_பூல்மேனேஜர் என்ற மெத்தடை மாற்றி எழுதி, கீழே இருக்கும் யூஆர்எல்லிப்3-க்குச் சாக்கெட்_ஆப்ஷன்ஸ் பட்டியலைக் கொடுக்க வேண்டும். எல்லோரும் செய்வது அதுதான், நாங்களும் அதையே செய்தோம். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டு முன்னொட்டுக்கும் அந்த அடாப்டரை மாட்டினோம்.

டெஸ்ட் எழுதினோம். லூப்பேக்கில், அதாவது அதே இயந்திரத்துக்குள், சின்ன எச்டிடிபி சர்வர், அதற்கு ஒரு கெட் கோரிக்கை, இணைப்பின் சாக்கெட்டைப் பிடித்து கெட்சாக்ஆப்ட் (ஆப்ஷனின் மதிப்பைச் சொல்லும் அழைப்பு) கேட்டால் 1 (கீப்அலைவ் உண்டு), 60, 15, 4. பச்சை. டிஎல்எஸ் சர்வருக்குச் சான்றிதழ் தயாரிக்க வேண்டும், அதை நம்பச் சொல்லிக் கொடுக்க வேண்டும், வேலை அதிகம். இரண்டு முன்னொட்டுக்கும் ஒரே அடாப்டர்தானே, எதற்கு மெனக்கெட வேண்டும் என்று விட்டுவிட்டோம். ஏற்றியாகிவிட்டது. மூன்றாவது இரவு மறுபடியும் தொங்கியது.

எஸ்எஸ் கட்டளையோடு டைமரைக் காட்டும் ஓ கொடியைச் சேர்த்து ஓட்டினோம். உள்ளே இருக்கும் வேறொரு சேவைக்குப் போகும் சாதா எச்டிடிபி இணைப்பின் வரியில் "டைமர், கீப்அலைவ், 52 நொடி, 0" என்று இருந்தது. தொங்கிக்கொண்டிருக்கும் எச்டிடிபிஎஸ் இணைப்பின் வரியில் டைமரே இல்லை. ஒரே நிரல், ஒரே அடாப்டர், ஒரே இயந்திரம். மறைகுறியாக்காத இணைப்பில் ஆப்ஷன் இருக்கிறது, மறைகுறியாக்கிய இணைப்பில் இல்லை. யார் பார்த்தாலும் டிஎல்எஸ் மேல்தான் கை நீளும்.

அரை நாள் தவறான வழக்கு

குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் லைப்ரரி எதுவும் இல்லாமல் வெறும் பைத்தானில் ஒரு சோதனை எழுதிக் கொண்டுவந்தார். சாக்கெட்டை உருவாக்கு, ஆப்ஷன் போடு, இணை, டிஎல்எஸ் சுற்று, பிறகு அதே சாக்கெட்டிடம் ஆப்ஷனைக் கேள். சுற்றுவதற்கு முன் கேட்டால் 1. சுற்றிய பின் கேட்டால் பிழை, எர்னோ 9, பேட் ஃபைல் டிஸ்கிரிப்டர்.

"பாத்தீங்களாண்ணா, சுத்தினதும் ஆப்ஷன் போயிடுது."

அரை நாள் அதை நம்பினோம். சுற்றிய பிறகு மறுபடி ஆப்ஷன் போடும் ஒட்டு ஒன்றைக்கூட எழுத ஆரம்பித்துவிட்டேன். நல்லவேளை, எழுதும்போதே ஒரு சந்தேகம் வந்தது. ஆப்ஷன் போயிருந்தால் விடை 0 என்று வர வேண்டும். வந்ததோ 0 இல்லை, "அப்படி ஒரு டிஸ்கிரிப்டரே இல்லை" என்று. இரண்டும் ஒன்றல்ல.

ஃபைல்எண்ணை, அதாவது டிஸ்கிரிப்டர் எண்ணை, அச்சிட்டுப் பார்த்தோம். சுற்றும் முன் பழைய பொருளின் எண் 5. சுற்றிய பின் பழைய பொருளின் எண் -1, புதிய எஸ்எஸ்எல்சாக்கெட் பொருளின் எண் 5. அவ்வளவுதான் நடந்திருக்கிறது. பைத்தானின் எஸ்எஸ்எல் மாட்யூல் அதே 5-ஐ எடுத்துப் புதிய பொருளிடம் கொடுத்துவிட்டு, பழைய பொருளை டிட்டாச் செய்துவிடுகிறது. பழையது கைவிடப்பட்ட கூடு. கேள்வியைக் கூட்டிடம் கேட்டால் என்ன பதில் வரும்? புதிய பொருளிடம் கேட்டோம்: 1, 60, 15, 4. அசையாமல் அப்படியே இருந்தது.

யோசித்தால் அது அப்படித்தான் இருக்க முடியும். டிஎல்எஸ் நடப்பது பயனர் தளத்தில். ஓபன்எஸ்எஸ்எல் பைட்டுகளை மறைத்துக் கொடுக்கிறது, அந்த பைட்டுகளில் என்ன இருக்கிறது என்று கெர்னலுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சாக்கெட் ஆப்ஷன்கள் கெர்னலுக்குள் இருக்கும் அமைப்பில் எழுதப்பட்டவை. பைத்தான் பொருள் கைமாறினாலும் அங்கே ஒன்றும் மாறாது. கீப்அலைவ் பாக்கெட்டும் டிஎல்எஸ் உறைக்கு வெளியேதான் போகிறது. பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் மறைகுறியாக்கிய இணைப்பிலும் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஏற்கெனவே ஏற்கப்பட்ட பைட்டின் வரிசை எண்ணோடு, அதாவது எதிர்பார்க்கும் எண்ணுக்கு ஒன்று குறைவாக, காலியாக ஒரு பாக்கெட். அதைப் பார்த்ததும் எதிர்முனைக் கெர்னல் "அதெல்லாம் வந்துவிட்டதே" என்று ஒரு ஆக் (பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) அனுப்பும். சர்வர் நிரலுக்குத் தட்டியதே தெரியாது.

டிஎல்எஸ் குற்றவாளி இல்லை என்று ஆனது. ஆனால் அந்த எஸ்எஸ் வரியில் டைமர் இன்னும் இல்லை.

இரண்டு எஸ்ட்ரேஸ், பக்கத்தில் பக்கத்தில்

அடுத்து செய்ததை முதல் நாளே செய்திருக்க வேண்டும். புரொடக்ஷன் இயந்திரத்திலேயே ஆப்ஷன் போடும் செட்சாக்ஆப்ட், இணைக்கும் கனெக்ட் என்ற இரண்டு அழைப்புகளை மட்டும் வடிகட்டி, ஒருமுறை எச்டிடிபி, ஒருமுறை எச்டிடிபிஎஸ் என்று ஓட்டி, இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

இடப்பக்கம், சாதா எச்டிடிபி: எஸ்ஓ_கீப்அலைவ் 1, டிசிபி_கீப்ஐடில் 60, இன்டர்வல் 15, கவுண்ட் 4, பிறகு கனெக்ட். வலப்பக்கம், எச்டிடிபிஎஸ்: செட்சாக்ஆப்ட் எதுவும் இல்லை, நேரே கனெக்ட். நாங்கள் கொடுத்த நான்கில் ஒன்றுகூட இல்லை. ஆகவே யாரும் ஆப்ஷனைப் போட்டு அழிக்கவில்லை, அது போடப்படவே இல்லை.

வலப்பக்கத்து கனெக்ட் வரியில் இருந்த ஐபி எண் சேவையுடையதும் இல்லை. அது ப்ராக்ஸியின், அதாவது நடுவில் நின்று போக்குவரத்தைக் கடத்தும் சர்வரின், எண்.

வெளியே போகும் எச்டிடிபிஎஸ் போக்குவரத்து முழுக்க சூழல் மாறி ஒன்றின் மூலம் ப்ராக்ஸிக்குத் திருப்பி விடப்பட்டிருந்தது. உள் சேவைகளுக்கு விலக்கு. எங்கள் மடிக்கணினிகளில் ப்ராக்ஸி கிடையாது. டெஸ்ட் ஓடும் இடத்திலும் கிடையாது. ரிக்வெஸ்ட்ஸ் அடாப்டரில் ப்ராக்ஸிக்கென்று தனிக் கதவு உண்டு: ப்ராக்ஸி_மேனேஜர்_ஃபார் என்ற இன்னொரு மெத்தட். ப்ராக்ஸி வழி என்றால் இனிட்_பூல்மேனேஜர் உருவாக்கிய குளத்தை (இணைப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்) அது தொடாது, புதிதாக ஒரு ப்ராக்ஸி மேனேஜரை உருவாக்கிக்கொள்ளும். நாங்கள் கொடுத்த பட்டியல் முதல் கதவில்தான் இருந்தது. லைப்ரரியின் பிழை என்று இதைச் சொல்ல மாட்டேன். ஒரு மெத்தடை மாற்றி எழுதினால் அந்த மெத்தட் மட்டும்தான் மாறும். மற்றதையும் படித்துப் பார்த்திருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

இதில் உறுத்துவது ஒன்று உண்டு. முதல் நாள் எடுத்த எஸ்எஸ் வெளியீடு டிக்கெட்டில் ஒட்டப்பட்டிருந்தது. போய்ப் பார்த்தோம். அதிலேயே ப்ராக்ஸியின் எண் இருக்கிறது. நிலை என்ன என்று பார்த்தோமே தவிர, யாரோடு என்று ஒருவரும் பார்க்கவில்லை. மறைகுறியாக்கம் உள்ளது, இல்லாதது என்று நாங்கள் பிரித்த கோடு உண்மையில் ப்ராக்ஸி வழி, நேர்வழி என்ற கோடு. எங்கள் அமைப்பில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்திருந்தன.

இரண்டாவது மெத்தடிலும் பட்டியலைக் கொடுத்தோம். எஸ்எஸ் வரியில் டைமர் வந்தது. அன்றிரவு 31 நிமிடம் எடுத்த அறிக்கை ஒழுங்காக வந்து சேர்ந்தது.

40 மில்லிநொடி

இரண்டு நாள் கழித்து வேறொரு புகார். இதே அடாப்டருக்கு அப்போதுதான் மாறிய இன்னொரு வேலை, சின்னச் சின்னப் பதிவுகளை போஸ்ட் கோரிக்கையாக ஆயிரக்கணக்கில் உள் சேவை ஒன்றுக்கு அனுப்புவது. முன்பு ஒன்றுக்கு 12 மில்லிநொடி, இப்போது 52. சரியாக 40 கூடியிருக்கிறது. கூடுதல் நேரம் 37, 44 என்று அலைந்தால் எங்கே தேடுவது என்று தெரியாது. அசையாமல் 40 என்றால், லினக்ஸ் சர்வர்களோடு கொஞ்ச நாள் பழகியவர்களுக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வரும்: நேகல்.

ஜான் நேகல் 1984-இல் ஆர்எஃப்சி 896-இல் எழுதிய யோசனை இது. டெல்நெட் காலம். ஒரு விசை அழுத்தினால் 1 பைட் தரவு, அதைச் சுமக்க 40 பைட் தலைப்பு. நெட்வொர்க் இந்தப் பொடிப் பாக்கெட்டுகளில் மூச்சுத் திணறியது. அவர் சொன்ன விதி எளிமையானது: அனுப்பியதற்கு இன்னும் ஆக் வரவில்லை என்றால், அடுத்த சிறு துண்டை அனுப்பாமல் சேர்த்து வைத்துக்கொள். மறுமுனையில் இன்னொரு சிக்கனம் உண்டு. பாக்கெட் வந்ததும் உடனே ஆக் அனுப்பாமல், திரும்பிப் போகும் தரவு ஏதாவது இருந்தால் அதோடு சேர்த்து அனுப்பலாம் என்று கொஞ்சம் காத்திருப்பது. லினக்ஸில் அந்தக் காத்திருப்பு குறைந்தது 40 மில்லிநொடி. இரண்டும் தனித்தனியே நல்லவை. ஒன்றாகச் சேர்ந்தால் "நீ முதலில் போ" என்று வாசலில் நிற்கும் இரண்டு பேர் மாதிரி.

போஸ்ட் கோரிக்கையில் பைத்தான் தலைப்பை ஒரு முறையும் உடலை இன்னொரு முறையும் தனித்தனியாக எழுதுகிறது. தலைப்பு போய்விடும். உடல் சின்னது, தலைப்புக்கு ஆக் வரும் வரை நேகல் அதைப் பிடித்து வைக்கும். எதிர்முனையோ உடல் இல்லாமல் பதில் சொல்ல முடியாது, ஆக்கையும் உடனே தராது. 40 மில்லிநொடி இருவரும் சும்மா நிற்பார்கள். டிஎல்எஸ் இருந்தாலும் இதே கதைதான். தலைப்பு ஒரு டிஎல்எஸ் ரெக்கார்டு, உடல் இன்னொரு ரெக்கார்டு. கெர்னல் பார்ப்பது இரண்டு சின்ன எழுதல்களை மட்டுமே. சொல்லப்போனால் டிஎல்எஸ்-இல் இதற்கு இன்னும் ஓர் இடம் கூடுதல். 1.3 பதிப்பில் கிளையண்ட் தன் ஹேண்ட்ஷேக்கின் கடைசிச் செய்தியை அனுப்பிவிட்டு, அதன் வால் பிடித்தே கோரிக்கையையும் எழுதுகிறது.

இதைத் தடுக்கத்தான் டிசிபி_நோடிலே. நேர்வழி இணைப்புகளில் யூஆர்எல்லிப்3 அதை இயல்பாகவே போட்டுவிடும். ஆனால் நாம் சாக்கெட்_ஆப்ஷன்ஸ் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் அது இயல்புப் பட்டியலோடு சேராது, அதற்குப் பதிலாக உட்கார்ந்துகொள்ளும். சேர வேண்டுமென்றால் இயல்புப் பட்டியலோடு நம் பட்டியலைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஆவணத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நாங்கள் கொடுத்தது எங்கள் நான்கை மட்டும்.

மறுபடி அந்த இரண்டு எஸ்ட்ரேஸையும் எடுத்துப் பாருங்கள். இடப்பக்கம் கீப்அலைவ் நான்கும் இருக்கிறது, நோடிலே இல்லை. வலப்பக்கம் இரண்டுமே இல்லை, ப்ராக்ஸி வழியில் யூஆர்எல்லிப்3 தானாக நோடிலே போடாது. இரண்டு பிழையும் ஒரே திரையில் இருந்தன. வலப்பக்கத்தில் என்ன குறைகிறது என்று தேடிய கண்ணுக்கு இடப்பக்கத்தில் குறைந்தது தெரியவில்லை. முதல் திருத்தத்திலிருந்தே சாதா எச்டிடிபி இணைப்புகளில் நோடிலே போய்விட்டிருந்தது. அதுவரை அங்கே போனதெல்லாம் உடல் இல்லாத கெட் கோரிக்கைகள், ஒரே எழுதலில் முடிந்துவிடும், அதனால் யாருக்கும் வலிக்கவில்லை. இந்த வேலை அடாப்டருக்கு மாறியதும் அதே குறை போஸ்ட் கோரிக்கைகளுக்கும் வந்து சேர்ந்தது.

இன்னொன்று: புதிய இணைப்பின் தொடக்கத்தில் லினக்ஸ் ஆக்கைத் தாமதிக்காமல் உடனுக்குடன் கொடுக்கும். அதனால் இணைப்பில் போகும் முதல் போஸ்ட் வேகமாகவே போகும், அதே இணைப்பில் பின்னால் போகிறவைதான் 40 எடுக்கும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் புது இணைப்பு திறக்கும் நம் பழக்கத்தில் இது அகப்படவே அகப்படாது.

இப்போது இருக்கும் டெஸ்ட்

நான்கு பாதைகள்: நேர் எச்டிடிபி, நேர் எச்டிடிபிஎஸ், ப்ராக்ஸி வழி எச்டிடிபி, ப்ராக்ஸி வழி எச்டிடிபிஎஸ். கடைசிப் பாதையில் கிளையண்ட் முதலில் ப்ராக்ஸியிடம் சாதாவாக கனெக்ட் கோரிக்கை வைத்து, சுரங்கம் திறந்த பிறகு அதற்குள் டிஎல்எஸ் பேசும். டெஸ்டுக்கான ப்ராக்ஸி பெரிய விஷயமில்லை. கனெக்ட் வரியைப் படித்து, மறுமுனையைத் திறந்து, இரு பக்கமும் பைட்டுகளைக் கடத்தும் இரண்டு த்ரெட். சான்றிதழ் ஒன்றைத் தயாரித்து டெஸ்டோடு வைத்துவிட்டோம். வேலை அதிகம் என்று அன்று தள்ளிவைத்தது ஒரு பிற்பகலில் முடிந்தது.

ஆப்ஷனைச் சர்வர் பக்கத்திலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கிளையண்டின் கெர்னலில் என்ன போட்டிருக்கிறது என்பது கம்பியில் அறிவிக்கப்படுவதில்லை. லைப்ரரிக்கு நாம் என்ன பட்டியல் கொடுத்தோம் என்று மாக் (போலிப் பொருள்) வைத்துப் பார்ப்பதும் வீண். எங்கள் முதல் அடாப்டர் அந்த டெஸ்டில் அமோகமாகத் தேறியிருக்கும். ஆகவே கோரிக்கையை ஸ்ட்ரீம் முறையில் அனுப்புகிறோம், உடலைப் படித்து முடித்தால் இணைப்பு குளத்துக்குத் திரும்பிவிடும் என்பதால். கையில் இருக்கும் இணைப்பின் ஃபைல்எண்ணை எடுத்து, அதை டூப் அழைப்பில் நகலெடுத்து, அந்த நகலின் மேல் ஒரு வெறும் சாக்கெட் பொருளைக் கட்டி கெட்சாக்ஆப்ட் கேட்கிறோம். மேலே எத்தனை உறை சுற்றியிருந்தாலும் கேள்வி நேரே கெர்னலுக்குப் போகும். ப்ராக்ஸியே டிஎல்எஸ் பேசும் இடத்தில், அதாவது டிஎல்எஸ்-க்குள் டிஎல்எஸ் ஓடும்போது, கையில் கிடைப்பது சாக்கெட்டே இல்லை, சாக்கெட் மாதிரி நடிக்கும் ஒரு பொருள். அதுவும் ஃபைல்எண் கொடுக்கும், அது போதும்.

மதிப்பை ஒப்பிடுவதில் இரண்டு பள்ளங்களில் விழுந்தோம். மேக் இயந்திரத்தில் எஸ்ஓ_கீப்அலைவ் கேட்டால் 1 வராது, 8 வரும். அந்தக் கொடியின் பிட் மதிப்பை அப்படியே தருகிறது. பூஜ்யம் இல்லை என்றால் சரி என்று எழுத வேண்டும். அங்கே கீப்-ஐடிலுக்குப் பெயரும் வேறு, டிசிபி_கீப்அலைவ். ஆர்வக்கோளாறில் எஸ்ஓ_ஆர்சிவிபஃப்-ஐயும் (பெறும் பஃபரின் அளவு) டெஸ்டில் சேர்த்தபோது, 65536 போட்டால் லினக்ஸ் 131072 என்று பதில் சொன்னது. தன் கணக்கு வழக்குக்கும் இடம் வேண்டும் என்று லினக்ஸ் அதை இரட்டிப்பாக்கி வைக்கிறது, பிழையில்லை. அந்த பஃபரை கனெக்டுக்கு முன்பே போட வேண்டும் என்பதும் கவனிக்க வேண்டியது. ஒரே நேரத்தில் எவ்வளவு பெறலாம் என்பதற்கான விண்டோ ஸ்கேல் அளவு, இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டிலேயே பேசி முடிக்கப்படுகிறது.

கம்பியை வெட்டிப் பார்த்தது

எண் சரி என்றால் நடத்தையும் சரி என்று ஆகாது. தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (அதே இயந்திரத்தில் பிரித்து வைத்த நெட்வொர்க்) ஒன்றில் ஐடில் 2, இன்டர்வல் 1, கவுண்ட் 3 என்று குறைத்து வைத்து, சர்வர் பதிலைத் தாமதிக்கும் நேரத்தில் லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸ் கொண்டு பாக்கெட்டுகளை விழச் செய்தோம். 5 நொடியில் பிழை வர வேண்டும். வந்தது, நான்கு பாதையிலும். பிழைச் செய்திதான் வேடிக்கை: "ரீட் டைம்டு அவுட், ரீட் டைம்அவுட் நன்". பைத்தானில் நன் என்றால் எதுவும் இல்லை என்று பொருள். டைம்அவுட்டே வைக்கவில்லை, டைம்அவுட் ஆனது என்கிறது. பைத்தான் 3.10-இலிருந்து சாக்கெட் டைம்அவுட்டும், கெர்னல் தரும் ஈடைம்டுஅவுட்டும் ஒரே வகை எக்ஸெப்ஷன். மேலே இருக்கும் லைப்ரரி இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. லாகில் அந்த "நன்" தெரிந்தால் கீப்அலைவ் கொன்றது என்று இப்போது எங்களுக்குப் பழகிவிட்டது.

பிறகு ஒரு வரியை இடம் மாற்றி, கோரிக்கையை அனுப்புவதற்குச் சற்று முன்பு கம்பியை வெட்டினோம். 5 நொடி போனது. ஒரு நிமிடம் போனது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அப்படியே நின்றது. அனுப்பிய தரவுக்கு ஆக் வராமல் பாக்கி இருக்கும்போது கீப்அலைவ் தட்டுவதில்லை. அங்கே ஓடுவது மறுஅனுப்பல் கடிகாரம். லினக்ஸில் அதன் இயல்பு 15 முயற்சி, கணக்குப்படி 924.6 நொடிக்கு மேல், அதாவது கால் மணி நேரத்துக்கும் அதிகம். இதற்குத் தனி ஆப்ஷன் உண்டு, டிசிபி_யூசர்_டைம்அவுட். அலகு மில்லிநொடி, 120 என்று போட்டுவிட்டு 120 நொடி என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. கீப்அலைவோடு சேர்த்துப் போட்டால், எப்போது கைவிடுவது என்பதை கீப்-கவுண்ட் தீர்மானிக்காது, இதுதான் தீர்மானிக்கும். ஆகவே இரண்டும் ஒரே கணக்குக்கு வரும்படி 120000 என்று வைத்தோம்.

மிச்சம் இருப்பது ப்ராக்ஸிக்கு அப்பால் உள்ள பாதி. எங்கள் தட்டு ப்ராக்ஸியின் கெர்னலோடு முடிந்துவிடுகிறது. உள்ளே டிஎல்எஸ் முனையிலிருந்து முனைக்குப் போனாலும், டிசிபி இரண்டு தனித் துண்டுகள். ஃபயர்வால் எங்களுக்கும் ப்ராக்ஸிக்கும் நடுவில் இருந்ததால் தப்பித்தோம். அந்தப் பக்கத்தில் இணைப்பு செத்தால் ப்ராக்ஸி சொன்னால்தான் தெரியும். ப்ராக்ஸியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வெளிப்பக்க இணைப்புகளுக்கும் கீப்அலைவ் போட்டுத் தந்திருக்கிறார்கள். அதையும் நம்பி உட்காராமல் ஒரு மணி நேர ரீட் டைம்அவுட்டையும் வைத்திருக்கிறோம். 40 நிமிடம் வாயைத் திறந்து காத்திருக்கும் எச்டிடிபி கோரிக்கையே தப்பு, டோக்கன் எண் வாங்கிக்கொண்டு அவ்வப்போது போய்க் கேட்கும் முறைக்கு மாற வேண்டும் என்று சேவைக்காரர்களிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. நேற்றிரவு 23 நிமிடமாகக் காத்திருந்த இணைப்பைப் பார்த்தேன். எதிர்முனை ப்ராக்ஸி, நிலை எஸ்டாப், டைமர் கீப்அலைவ், 38 நொடி.